சாது நோய்

வெட்டுப் படை வந்த அன்று பூலித்துரை கையில் அரிவாளோடு வாசலை மறித்து நின்றதாகத்தான் எல்லாச் செய்திகளிலும் வந்தது. அது பொய். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். லாரிகளைப் பார்த்து நாய் குரைத்ததும் வாயைக் கொப்பளித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, கேட்டைத் திறந்துவிட்டதும் அவர்தான். முன்னால் வந்த ஜீப்பில் தன் தங்கை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர், "சாப்பிட்டியாளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

தங்கை டாக்டர் உலகம்மாள், துளிர் ஆய்வகத்தின் தலைவி. அந்த லாரிகள் வருவதற்குக் காரணமே அவள்தான்.

புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரம் நெடுக எலுமிச்சைத் தோட்டங்கள். அங்கே நின்ற ஒவ்வொரு மரத்திலும் ஒரு நச்சுயிரி காலங்காலமாகக் குடியிருந்தது. அது எந்த மரத்தையும் கொன்றதில்லை. இலை நரம்பைக் கொஞ்சம் வெளுக்க வைக்கும், காயைக் கொஞ்சம் சிறுக்க வைக்கும், அவ்வளவுதான். ஊரில் அதைச் சோர்வு நோய் என்றார்கள். அசுவினிப் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் சுமந்துபோகும். மருந்து கிடையாது. உலகம்மாள் மருந்தைத் தேடவில்லை. நோயே இல்லாத மரத்தை உண்டாக்கினாள். அந்தக் கன்றுகள் இரண்டு மடங்கு காய்த்தன. கப்பலில் போகும் காய்க்குச் சுத்தமான மரம் வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள். பழைய மரம் ஒன்று பக்கத்தில் நின்றாலும் புதிய கன்றுக்கு நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தூய மரச் சட்டம் வந்தது. சட்டத்தின் பின்னாலேயே மோப்பக் கருவி பொருத்திய டிரோன்களும், மோட்டார் ரம்பங்களோடு வெட்டுப் படையும் வந்தன.

அண்ணன் தோட்டத்துக்குத் தானே வருகிறேன் என்று உலகம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். தான் சொன்னால் கேட்பார், சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

"வந்து பாரு தாயி," என்று பூலித்துரை அவளை மரங்களுக்கு நடுவே கூட்டிப்போனார். "கொம்பு ஒடியுத மாதிரி காச்சுக் கெடக்கு. இதப் பாத்தா ஒனக்குச் சீக்கு மரமாட்டா இருக்கு?"

"மரம் சாவாதுண்ணே. ஆனா இதுல உக்காந்த பூச்சி அங்கன போயி புதுக் கன்னுல உக்காருது. அதுக்கும் சீக்கு ஏறிருது."

"மருந்தே இல்லங்குத. பொறவு எப்பிடித்தான் சுத்தம் பண்ணுத?"

"சீக்கு நரம்பு வழியாத்தான் ஓடும். குருத்தோட உச்சி நுனி இருக்குல்லா, அங்க இன்னும் நரம்பே வந்திருக்காது. சீக்கு ஏறி வாரதுக்குள்ள நுனி அதத் தாண்டி வளந்து போயிரும். கடுகுல பத்துல ஒரு பங்குகூட இருக்காது, அந்த நுனிய மட்டும் சீவி எடுத்து, கண்ணாடிக் குழாயில வளத்த நாத்து மேல ஒட்டுவேன். அதுல இருந்து முழு மரம் வரும். அதுல சீக்கு இருக்காது."

பூலித்துரை ஒரு காயைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். "அம்புட்டுத் துண்டுக்காகவா இம்புட்டு மரத்தையும் வெட்டச் சொல்லுத?"

அவள் லாரிகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சரி. காயையாவது பறிச்சுக்கிடுதேன். ஒரு வாரம் குடு."

கொடுத்திருக்கலாம். படையின் அதிகாரி அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலிக்கு வெளியே கூடியிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் ஒரு நாள்கூடக் கொடுக்கப்படவில்லை. "வேண்டாம்ணே," என்றாள். "தங்கச்சிங்கதால விட்டுட்டாம்பாவ."

படையில் இருந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை. தோட்டங்கள் போனதும் காய் பறிக்கிற வேலையும் போனது. அந்த ஆட்களைத்தான் அரசாங்கம் ரம்பம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. முதல் மரத்தில் ரம்பத்தை வைத்த கொம்பையா, பல வருடம் இதே தோட்டத்தில் காய் பறித்தவன். அவன் பூலித்துரையின் முகத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினான்.

ரம்பச் சத்தம் கேட்டுத்தான் மருதப்பன் ஓடிவந்தான். பூலித்துரையின் ஒரே மகன். கொம்பையாவும் அவனும் ஒரே வயது. சேர்ந்து கபடி விளையாடியவர்கள்.

"கொம்பையா, நீயால?"

"தள்ளு மருது. நான் இல்லாட்டி இன்னொருத்தன் வெட்டுவான்."

"அப்பிடின்னா இன்னொருத்தனையே வரச் சொல்லு." மருதப்பன் மரத்தோடு ஒட்டி நின்று, பாதி அறுபட்ட கிளையைத் தோளால் முட்டுக் கொடுத்தான்.

"லே, தள்ளுல! கிளை முறியப் போவுது!"

முறிந்தது. காயோடு சாய்ந்த கிளை ரம்பத்தின் மூக்கில் விழுந்தது. ரம்பம் துள்ளி எழும்பி மருதப்பனின் கழுத்தெலும்புக்குக் கீழே இறங்கியது. ஒரு நொடிதான். ரத்தம் இலைகளின் மேல் மழை விழுவதுபோல் சத்தத்தோடு விழுந்ததை உலகம்மாள் கேட்டாள். கொம்பையா ரம்பத்தைத் தூக்கி எறிந்தான். அது மண்ணில் கிடந்து சுற்றியது. மருதப்பனைக் கீழே சாய்த்து, முட்டிபோட்டு, இரண்டு கையாலும் வெட்டுவாயை அழுத்திக்கொண்டு, "யாராச்சும் வாங்களேன், வாங்களேன்" என்று கத்தினான்.

பம்புசெட் சுவரில் கவாத்து வெட்டுகிற அரிவாள் மாட்டியிருந்தது. பூலித்துரை அதை எடுத்துக்கொண்டு வந்ததை எல்லாரும் பார்த்தார்கள், உலகம்மாளும் பார்த்தாள். "அண்ணே, அவன் புடிச்சிருக்கான், விடுங்க அண்ணே" என்று அவள் கத்தியது ரம்பச் சத்தத்தில் கரைந்துபோனது. குனிந்திருந்தவனின் பிடரியில் முதல் வெட்டு. கொம்பையா சாய்ந்தான், கைகள் மருதப்பனின் மேலிருந்து நழுவின. அடைபட்டிருந்த ரத்தம் மறுபடி பீறிட்டது. பூலித்துரை அதைப் பார்க்கவில்லை. அவர் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒரே ஜீப்பில், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார்கள்.

மறுநாள் படை திரும்பி வந்து அந்தத் தோட்டத்தை முழுக்க வெட்டி எரித்தது. காயோடு எரிந்த மரங்களின் வாசனை ஊர் முழுக்க நின்றது. பூலித்துரையின் மனைவி கணவனையும் பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்கவில்லை. மகனின் காரியம் முடிந்ததும் பிறந்த ஊருக்குப் போய்விட்டாள்.

கோர்ட்டில் உலகம்மாள் கண்ணால் கண்டதைச் சொன்னாள். கொம்பையாவின் கை எங்கே இருந்தது, எதற்காக இருந்தது என்று வக்கீல் கேட்டபோது, "எங்க மருமவன் ரத்தத்தை நிப்பாட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். கூண்டில் நின்ற பூலித்துரை தலையைத் தூக்கி அவளை ஒருமுறை பார்த்தார். ஆத்திரத்தில் செய்தது என்று குறைந்த தண்டனை கிடைத்திருக்க வேண்டியவருக்கு அந்தச் சாட்சியத்தால் நீண்ட தண்டனை கிடைத்தது.

அதற்குப் பிறகு வெட்டுப் படையோடு துப்பாக்கியும் போனது. சிந்தாமணியில் ஒரு தோட்டக்காரர் தன் மரத்தோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். சங்கிலியை அறுக்கும்போது அவர் கால் போனது. படையின் முகாமுக்கு யாரோ தீ வைத்தார்கள். உள்ளே தூங்கிய மூன்று பேர் கருகினார்கள். பதிலுக்குப் படையாட்கள் ஒரு தெருவையே அடித்து நொறுக்கினார்கள். பழைய மரத்தை மறைத்து வைத்திருப்பவனைக் காட்டிக்கொடுத்தால் பரிசு என்றதும், பங்காளித் தகராறு உள்ளவர்கள் எல்லாம் காட்டிக்கொடுத்தார்கள். காட்டிக்கொடுத்தவர்களில் இரண்டு பேர் கிணற்றில் மிதந்தார்கள்.

பிறகு அடிவாரத்தில் ஒரு பழைய மரமும் மிச்சம் இல்லை என்று டிரோன்கள் சொல்லின. சண்டையும் ஓய்ந்தது. உலகம்மாளின் கன்றுகள் வரிசையாக எழுந்தன. கரும்பச்சை இலை, கைநிறையக் காய். அவளை மேடையேற்றி மாலை போட்டார்கள். மேடையிலிருந்து இறங்கும்போதெல்லாம் அவள் தன் புடவையை உதறிவிட்டுக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் தூசி என்று நினைப்பார்கள்; அவளுக்கு அது அன்றைய ரம்பத்தூள்.

மூன்றாவது காய்ப்பில் ஒரு தோட்டம் வாடியது. ஒரு வாரத்தில் இலை சுருண்டு, அடுத்த வாரத்தில் உதிர்ந்து, காய்கள் சுண்டிப்போய் அப்படியே தொங்கின. பிறகு பக்கத்துத் தோட்டம். பிறகு அடிவாரம் முழுக்க. உலகம்மாள் ஒரு மரத்தின் பட்டையை உரித்துப் பார்த்தாள். உள்ளே கட்டை முழுக்க ஊசியால் குத்திய மாதிரிக் குழிகள்.

ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்த்தவர் டாக்டர் ஷேக் உதுமான், கடையநல்லூர்க்காரர். நச்சுயிரிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. மூன்று நாள் சோதனைக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அதே நச்சுயிரிதான் மேடம். அதே குடும்பம். ஆனா இது கொலகார வகை. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல."

"இத்தன வருசம் இங்க வரலியே?"

"வந்திருக்கும். பல தடவ வந்திருக்கும். நுழைய முடிஞ்சிருக்காது." அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "பழைய மரத்துல இருந்தது சாது. அது உள்ள இருக்கையில மரம் அந்தக் குடும்பத்தையே அடையாளம் கண்டு வச்சுக்கிடும். அதே சாதியில கொடியது வந்தா உள்ள விடாது. அம்மைக்கு ஊசி போடுதோமே, அது மாதிரி. ஊரு மரத்துக்கெல்லாம் யாரும் போடாமலே அந்த ஊசி போட்டுக் கெடந்துச்சு."

"நாம அத எடுத்துட்டோம்."

"சுத்தமா எடுத்துட்டோம்," என்றார் உதுமான்.

வெளியூர்களிலிருந்து சாது வகைகளை வரவழைத்து முயன்றார்கள். அவை இந்த மண்ணுக்கு வந்த கொடியதை நிறுத்தவில்லை. இந்த ஊர் மரங்களில் இருந்ததேதான் வேண்டும். நல்லவேளையாக உதுமான், வெட்டுவதற்கு முன் எடுத்த மாதிரிகளை உறைபெட்டியில் வைத்திருந்தார். பின்கட்டில் வலைக்கூண்டுக்குள் நான்கு நோயுற்ற செடிகளையும் உயிரோடு வைத்திருந்தார். "சட்டப்படி நான் குத்தவாளி மேடம்," என்று சிரித்தார். நான்கு செடி போதும். மொட்டெடுத்து ஒட்டினால் ஆயிரம் மரம், ஆயிரத்திலிருந்து அடிவாரம் முழுக்க.

அவர்களுக்கு ஒரு மாதம் கிடைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஊரே திரண்டு ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. சுத்தமான கன்று என்று சொல்லிப் பழைய மரத்தை வெட்டவைத்தவர்கள்தான் இப்போது நோயையும் பரப்பியிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பாமல் இருக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. கற்கள் வந்தன, பிறகு டீசல். கண்ணாடிக் குழாய்கள் உடைந்து, பிஞ்சு நாற்றுகள் தரையில் மிதிபட்டன. உலகம்மாளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளியது யார் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அந்தக் கைதான் அவளைக் காப்பாற்றியது.

உதுமான் பின்கட்டுக்கு ஓடினார். வலைக்கூண்டின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று, "இதத் தொடாதீங்கய்யா, ஒங்க மரத்துக்கு மருந்து இதுதான்யா" என்று கத்தினார். முன்னால் வந்தவன் கூண்டுக்குள் பார்த்தான். வெளுத்த இலை, அவன் சின்ன வயதிலிருந்து பார்த்த சோர்வு நோய். "சீக்கு வளக்காவ, லே!" என்று கூவினான். கடப்பாரையால் உதுமானின் தலையில் அடித்தார்கள். அவர் விழுந்த பிறகும் அடித்தார்கள். பிறகு கூண்டோடு கொளுத்தினார்கள். உறைபெட்டி இருந்த அறையின் கூரை சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது.

உதுமானை அடக்கம் செய்த இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. உலகம்மாள் தெருமுனையில் காரில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் தையல். திரும்பும்போது டிரைவர் வீட்டுக்கா என்று கேட்டதற்கு, "ஜெயிலுக்குப் போ" என்றாள்.

கோர்ட்டுக்குப் பிறகு அண்ணனை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவருக்கு இடது காது இல்லை. கொம்பையாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் வேறு வழக்கில் உள்ளே வந்திருந்தான். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் தேய்த்துக் கூராக்கி அறுத்துவிட்டான் என்று பிறகு வார்டர் சொன்னார்.

"எதுக்கு வந்த?"

"ஒங்க மரத்துல இருந்து போட்ட பதியன் எங்கயாச்சும் போயிருக்காண்ணே? யாருக்காச்சும் குடுத்தீயளா?"

பூலித்துரை சிரித்தார். "அன்னைக்கு வெட்டுன்ன. இப்ப வேணுமாக்கும்."

"வேணும். ஊருல ஒரு மரம் தங்காது போலுக்கு."

"தங்காமப் போவட்டும். எனக்கு எது தங்குச்சு?"

அவள் எழுந்து பையை எடுத்தாள். கதவுவரை போனபின் பின்னால் கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது.

"உலகு." அவர் குரல் மாறியிருந்தது. "மருது மேல அவன் கை இருந்துச்சே. ரத்தத்த நிப்பாட்டுனான்னு கோர்ட்டுல சொன்னியே. நெசமா? இல்ல, என்னைய உள்ள வைக்கதுக்குச் சொன்னியா?"

"நெசம்ணே."

"அமுக்கிக் கொல்லுதாம்னு நெனச்சேன்." பூலித்துரை தன் இரண்டு கைகளையும் கண்ணாடியின் மேல் விரித்து வைத்துப் பார்த்தார். "அவன் கைய எடுக்காம இருந்திருந்தா புள்ள பொழச்சிருப்பானா?"

உலகம்மாளால் பொய் சொல்லியிருக்க முடியும். "தெரியலண்ணே," என்றாள். "பொழச்சிருக்கலாம்."

அவர் கண்ணாடியிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவன் கல்யாணத்துக்கு மருது ஒரு பதியன் போட்டுக் குடுத்தான். நம்ம மேலக்கோடி மரத்துல போட்டது. வாசுதேவநல்லூர்ல அவன் வீட்டுப் பொறவாசல்ல வச்சிருக்கதா சொல்லுவான். இருக்கோ என்னமோ, போயிப் பாரு."

கொம்பையாவின் மனைவி பெயர் முப்பிடாதி. உலகம்மாள் போனபோது அவள் வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வந்தவளைப் பார்த்ததும் இலை வெட்டுகிற கத்தரி அவள் கையில் நின்றுவிட்டது.

"கோர்ட்டுல நீ உள்ளதச் சொன்ன," என்றாள். "அதனாலதான் வாசல்ல நிக்க விட்டிருக்கேன். என்ன வேணும்?"

உலகம்மாள் சொன்னாள். முப்பிடாதி எழுந்து வீட்டுக்குள் போய்ப் பின்வாசலைத் திறந்துவிட்டாள். மாட்டுக்கொட்டகைபோல ஒரு தகரக் கூரை. டிரோன் மோப்பம் பிடிக்காதபடி சுற்றிலும் பழைய சேலைகளும் சாணி மெழுகிய சாக்கும் தொங்கின. விலக்கிக்கொண்டு உள்ளே போனால், வெயில் சரியாகப் படாமல் மெலிந்து, ஆனாலும் உச்சியில் காய்களோடு ஒரு எலுமிச்சை மரம். இலை நரம்புகள் லேசாக வெளுத்திருந்தன. சுற்று வட்டாரத்திலேயே மிச்சமிருந்த சோர்வு நோய் மரம் அதுதான்.

"ஊரு மரத்தையெல்லாம் வெட்டிட்டு வந்து இதுக்குத் தண்ணி ஊத்துவாரு," என்றாள் முப்பிடாதி. "மாட்டுனா நாம உள்ள போயிருவோமேன்னு கேப்பேன். மருது குடுத்ததுட்டி, எப்பிடி வெட்டம்பாரு." தகரக் கூரையில் செருகியிருந்த அரிவாளை அவள் எடுத்தது அப்போதுதான். "அந்த மருதோட அப்பன்தான அவரக் கொன்னது? அந்த ஊருக்காரன்தான எங்களக் கொலகாரக் குடும்பம்னு துப்புனான்? இப்ப அவனுக்கு மரம் பொழைக்கணுமா? இதையும் வெட்டுதேன். எல்லாரும் நாசமாப் போங்க!"

அரிவாள் ஓங்கி இறங்கியது. முதல் வெட்டில் ஒரு கிளை போனது. இரண்டாவது வெட்டு அடிமரத்துக்கு வந்தபோது உலகம்மாள் யோசிக்கவில்லை. வலது கையைக் குறுக்கே நீட்டிவிட்டாள்.

வலி உடனே வரவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு மாதிரி கோணி நிற்பதையும், மரத்தின் பட்டை சிவப்பாவதையும் பார்த்தாள். அரிவாள் கீழே விழுந்தது. "ஐயோ, பாவி, என்ன காரியம் செஞ்ச?" என்று முப்பிடாதி பாய்ந்து அவளைப் பிடித்து உட்கார வைத்து, சேலைத் தலைப்பைச் சுருட்டி, வெட்டு வாயின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள். இரண்டு பெண்களும் மரத்தடியில் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தம் சேலை நூலில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

"நீங்க கண்டுபுடிக்குத சீக்குக்கெல்லாம் பேரு வைப்பீகளா?" என்று முப்பிடாதி திடீரென்று கேட்டாள்.

"வைப்போம். கெடச்ச ஊரு பேரு. இல்லாட்டி மரத்துக்காரவ பேரு."

"அப்ப கொம்பையான்னு வையி." அவள் அழவில்லை. "அவரு செத்ததுல இருந்து ஒரு பய அவரு பேரச் சொன்னதில்ல. வெட்டுப்படைக்காரம்பான், கொலகாரம்பான். பள்ளிக்கூடத்துல அப்பா பேரக் கேட்டா எம் மவ வாயத் தொறக்க மாட்டேங்கா. எவனுக்கு மரம் வேணும்னாலும் அவன் வாயால அந்தப் பேரச் சொல்லணும். அதுக்குச் சம்மதம்னா எடுத்துக்க."

"சம்மதம்," என்றாள் உலகம்மாள்.

அவளுடைய இரண்டு விரல்களை டாக்டர்களால் காப்பாற்ற முடிந்தது, வளைக்க முடியவில்லை. கடுகைவிடச் சின்ன நுனியைச் சீவி ஒட்டிய கை அது. இனி எந்த மரத்தையும் அந்தக் கையால் சுத்தம் செய்ய முடியாது. அவளிடம் படித்த பெண்கள் அவள் சொல்லச் சொல்ல அந்த மரத்தின் பட்டையிலிருந்து சீவல் எடுத்து, புதிய கன்றுகளில் செருகிக் கட்டினார்கள். சாது நோய் மெல்ல ஏறியது. அதற்கு மேல் கொடியது ஏறவில்லை.

பட்டைச் சீவலை ஈரத்துணியில் சுற்றி பாக்கெட் போட்டு விற்கலாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. முதல் வண்டியைச் சங்கரன்கோவில் ரோட்டில் மறித்து, டிரைவரின் மண்டையை உடைத்து, பாக்கெட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். பெயரைப் பற்றி மேலதிகாரிகளுக்குத் தயக்கம் இருந்தது. கலவரத்தோடு சம்பந்தப்பட்ட பெயர், காப்பு ஒன்று, காப்பு இரண்டு என்று வைத்தால் என்ன என்றார்கள். முதலில் பதிவான பெயர்தான் உலகம் முழுக்க நிற்கும், நான் பதிந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டாள் உலகம்மாள். சட்டமும் சத்தமில்லாமல் திருத்தப்பட்டது. அதே டிரோன்கள், அதே மோப்பக் கருவிகள். இப்போது நோய் இல்லாத மரத்தைக் கண்டால்தான் அவை கூவின. வெட்டுப் படையும் வந்து வெட்டிப்போட்டது.

பூலித்துரை வெளியே வந்தபோது தாடி முழுக்க நரைத்திருந்தது. கூட்டிவர உலகம்மாள்தான் போயிருந்தாள். மனைவி வரவில்லை. அடிவாரத்து நிலம் புல் மூடிக் கிடந்தது. ஒரு மாதம் அவர் யாரோடும் பேசாமல் புல்லைக் கொத்தினார். குழி தோண்டினார். "கன்னு குடு," என்று ஒரு நாள் தங்கையிடம் கேட்டார். கொடுத்தாள். நட்டு முடித்த பிறகு அவள் சொன்னாள்: "பட்டைக் காப்பு கட்டணும்ணே. இல்லாட்டி நிக்காது. கடையில பாக்கெட் விக்காவ."

"வா, போவோம்," என்றார்.

வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். காரில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, இருபுறமும் பச்சையாக நிற்கும் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிர்க்காற்றில் காது இருந்த இடத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "எல்லாம் பொழச்சுக்கிட்டுப் போல," என்றார். அதற்குள் கடை வந்துவிட்டது.

உரக்கடையில் நல்ல கூட்டம். மழைக்கு முன் காப்புக் கட்டிவிட எல்லாரும் அவசரப்பட்டார்கள்.

"எம்மா, எனக்கு ரெண்டு கொம்பையா."

"கொம்பையா புதுசு வந்துட்டா? போன தடவ வாங்குனது காஞ்சு போச்சு."

"கொம்பையா கெட்டுன மரம் சாவாதுவே. நான் சொல்லுதேன், வாங்கிக் கெட்டும்."

பூலித்துரை முதலில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொருவர் சொன்னார். இன்னொருவர். கல்லாவுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பாக்கெட்டுகளில் பெரிய எழுத்தில் அதே பெயர். அவர் தங்கையைப் பார்த்தார். உலகம்மாள் மடங்காத விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் போகவில்லை. வரிசை நகர்ந்தபோது அவரும் நகர்ந்தார்.

கல்லாவில் ஒரு இளம்பெண். "ஒங்களுக்கு என்ன அண்ணாச்சி?"

பூலித்துரை பாக்கெட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"எது? நாலஞ்சு சாமான் இருக்கு. பேரச் சொல்லுங்க."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். உலகம்மாள் முன்னால் வந்து, "நான் சொல்லுதேன்மா," என்று தொடங்கினாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அவள் விரல்களில் ஓடிய தழும்பு அவர் உள்ளங்கையில் பட்டது. அது எப்படி வந்தது என்று அவர் இதுவரை கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம் பெரியவரே" என்றார்கள்.

"கொம்பையா," என்றார் பூலித்துரை.

அந்தப் பெண் அடுக்கின் பக்கம் திரும்பினாள். "எத்தன?" என்று கேட்டாள்.